கதண்டு கொட்டிப் போய் வந்தவன் கேட்கிறேன்: இந்த வருடம் மாலை போடுவதா, வேண்டாமா?

கிணற்றுமேடு எழுதியது:

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. எனக்கு வயது 46. புரட்டாசி கடைசியில் ஒருநாள் காய்ந்த மட்டை ஒன்றைத் துரட்டியால் இழுத்தேன். மேலே கதண்டுக் கூடு இருந்தது தெரியவில்லை. பெரிய குளவி வகை, சில ஊர்களில் கடந்தை என்பார்கள். தலையிலும் கழுத்திலும் ஏழெட்டு இடத்தில் கொட்டிவிட்டது. ஓடி வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். முதலில் உள்ளங்கை அரித்தது, அப்புறம் உதடு தடித்தது, நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. காய் ஏற்ற வந்திருந்த டாட்டா ஏஸில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். அதுவரை ஞாபகம் இருக்கிறது.

வண்டி ஓடும்போது பின்னால் கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. கண் தெரியவில்லை, அந்தச் சத்தம் மட்டும்தான் உலகம். பிறகு அதுவும் நின்றது.

ராத்திரி கரண்ட் போகும்போது கவனித்திருக்கிறீர்களா? ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். இவ்வளவு நேரம் இத்தனை இரைச்சலிலா படுத்திருந்தோம் என்று அப்போதுதான் உறைக்கும். அந்த மாதிரி. ஆனால் நின்றது வெளிச்சத்தம் இல்லை. நாற்பத்தாறு வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. கடன், பையன் படிப்பு, தம்பியோடு வரப்புத் தகராறு, என் பெயர், எல்லாம் சேர்ந்த இரைச்சல். அது நின்ற பிறகும் ஏதோ இருந்தது. அது நான்தானா என்று கேட்டால் பதில் இல்லை. பயம் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. "போதும்" என்ற மாதிரி ஒன்று.

சுரங்கம் இல்லை, ஒளி இல்லை, செத்துப்போன அப்பா வரவில்லை. பதினேழு வருடம் இருமுடி சுமந்தவன், ஐயப்பனும் வரவில்லை. ஒரு எருமை மாடுகூட வரவில்லை.

தொடையில் ஊசி போட்டு, இதயம் நெஞ்சுக்கூட்டை உதைக்க ஆரம்பித்ததும்தான் பழைய இரைச்சல் திரும்பி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அழுகை வந்தது.

சிக்கல் இனிமேல்தான். குலதெய்வம் காப்பாற்றியது, கிடா வெட்ட வேண்டும் என்கிறார் மாமியார். எல்லாம் ஐயப்பன் செயல் என்கிறார் மச்சான். தேங்காய் வாங்க வருபவர் ஒரு பாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டார். யாரோ ஒரு மையத்தில் முற்பிறவி பார்க்கலாம், நாலாயிரம்தான் என்கிறார்கள். நடந்ததற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. சாமி இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்குத்தான் எதுவும் வரமாட்டேன் என்கிறது. சன்னதியில் நின்றால் என்ன வேண்டுவது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

கார்த்திகை நெருங்குகிறது. இது எனக்குப் பதினெட்டாவது வருடம். தென்னங்கன்று கொண்டுபோய் மலையில் நட வேண்டிய வருடம். என் தோப்புக் காயிலேயே முளைக்கவிட்ட கன்று கிணற்று மேட்டில் தயாராக நிற்கிறது. மனசு ஒட்டாமல் மாலை போடுவது பொய்யா? போடாவிட்டால் குழுவில் பதினேழு வருடம் கூட நடந்தவர்களுக்குத் துரோகமா?

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, முதலில் அலர்ஜி பார்க்கும் டாக்டர் ஒருவரைப் பாருங்கள். தோப்புக்குப் போகும்போது அட்ரினலின் ஊசி கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அடுத்த தடவைக்கு ஏழெட்டு வேண்டாம், ஒன்றே போதும். ஆன்மீகம் அப்புறம்.

ஐசியூவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். திரும்பி வந்தவர்கள் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று ஐசியூ குழப்பம். சுவரில் பூச்சி ஊர்கிறது, நர்ஸ் விஷம் வைக்கிறாள் என்று டியூபைப் பிடுங்குவார்கள். நாலு நாளில் தெளிந்ததும் பாதி மறந்துபோகும், மீதி கந்தலாக நிற்கும். இன்னொன்று உங்களுடையதைப் போன்றது. வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்துச் சொன்னாலும் அதே வார்த்தைகள்.

ஒரு பெரியவர், இதயம் நின்று மீண்டவர். தொண்டையில் குழாய் இருந்ததால் சிலேட்டில் எழுதிக் காட்டினார். மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்தாராம், கண்ணாடி போட்ட டாக்டர் நெஞ்சை அமுக்கினாராம். அன்றைக்கு அமுக்கியது நானும் இன்னொரு பையனும். இரண்டு பேருக்கும் கண்ணாடி கிடையாது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர் வீட்டில் எட்டு வருடமாகப் பேசாமலிருந்த மகளை அந்த வாரமே வரவழைத்துப் பேசினார். பார்த்தது தப்பு, மாறியது நிஜம். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

---

பதினெட்டாம்படி எழுதியது:

சாமியே சரணம் ஐயப்பா. யோசிக்காதீர்கள் சாமி, போட்டுவிடுங்கள். போட்டால் மனசு தானாக வரும்.

---

ஆதாரம்எங்கே எழுதியது:

கிணற்றுமேடு சார், அனுபவத்தை நன்றாகச் சொன்னீர்கள். ஒரு கேள்வி. உங்கள் இதயம் நின்றதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. செத்துப் பிழைத்ததாகச் சொன்ன 58 பேரின் மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். 28 பேர் உண்மையிலேயே சிகிச்சை இல்லாவிட்டால் இறந்திருப்பார்கள். மற்ற 30 பேருக்கு உயிராபத்தே இல்லை, அப்படி நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு தரப்பும் சொன்னது பெரும்பாலும் ஒன்று. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: ஒளியும் புத்தித் தெளிவும் சாவுக்கு நிஜமாகவே பக்கத்தில் போனவர்களிடம் கூடுதலாக இருந்தன.

மேலே மிதந்து பார்த்த கதைகளைச் சோதிக்க சாம் பார்னியா என்ற டாக்டர் ஒரு நல்ல யோசனை வைத்திருந்தார். ஆஸ்பத்திரி அறைகளில் உயரத்தில் பலகை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படம் வைத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரியாவில் 15 ஆஸ்பத்திரிகள், 2060 இதய நிறுத்தங்கள். 2014-ல் முடிவு வந்தது. முழுப் பேட்டி கொடுக்க மிஞ்சியவர்கள் 101 பேர். நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கும் இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில்! அதில் ஒருவர் சொன்ன விவரம் சரியாக இருந்தது, சில நிமிட நினைவு இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதோடு சரி. படத்தை யாரும் பார்க்கவில்லை.

மூளைப் பக்கம் வந்தால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் 2013-ல் ஒன்பது எலிகளின் இதயத்தை நிறுத்திப் பார்த்தார். நின்ற அரை நிமிடத்துக்குள் மூளையில் காமா என்ற வேகமான மின்னலைகள் சீராகப் பொங்கின. 2023-ல் வென்டிலேட்டர் எடுக்கப்பட்ட நான்கு நோயாளிகளில் இரண்டு பேரிடம் அதுபோலவே கண்டார்கள். அவர்கள் பிழைக்கவில்லை, அதனால் என்ன கண்டார்கள் என்று யாரும் கேட்க முடியாது.

நான் உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அணையும் விளக்கு ஒருமுறை பிரகாசிக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னதுதான்.

---

கிணற்றுமேடு எழுதியது:

அக்கா, ஊசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆதாரம் சார், இதயம் நிற்கவில்லை. மேல் பிரஷர் 60 என்று சீட்டில் எழுதியிருக்கிறது. "செத்துப் பிழைத்தவன்" என்று நான் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர்தான் சொல்கிறது. மூளைதான் செய்தது என்றால் செய்துவிட்டுப் போகட்டும். பையன் பிறந்தபோது வந்த அழுகையையும் மூளைதானே செய்திருக்கும்.

---

சோளக்காட்டுப்பேத்தி எழுதியது:

எருமை வரவில்லை என்றதும் என் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பத்தாவின் சின்ன வயதில் அவர்கள் ஊரில் ஒருவரைப் பாடையில் ஏற்றி, சங்கு ஊதி, பாதி தூரம் போன பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். தூக்கிப் போனவர்கள் பாடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவர் சொன்ன கதை: இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள், ஒரு மேடையில் ஒருத்தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான், "இவன் இல்லடா, அதே பேர்ல கீழத்தெருக்காரன்" என்று திட்டி அனுப்பிவிட்டான். கதை முடியும்போது அப்பத்தா ஒரு நிமிடம் நிறுத்துவாள். பிறகு, "அன்னிக்குச் சாயங்காலமே கீழத்தெருவுல சாவு" என்பாள். அந்த இடைவெளியில் நாங்கள் மூச்சுவிட மாட்டோம்.

பெரியவளான பிறகுதான் தெரிந்தது, இது அப்பத்தா கதை மட்டும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயான் ஸ்டீவன்சனும் 1986-ல் இந்தியாவில் சேகரித்த 16 அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். தூதர்கள் இழுத்துப் போவது, கணக்குப் புத்தகத்தோடு ஒருவர், ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவது, எல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்கர்களை "உனக்கு நேரம் வரவில்லை" என்று அன்பாக அனுப்புகிறார்கள். நம்மை "பெயர் தப்பு" என்று விரட்டுகிறார்கள். எமலோகத்திலும் நமக்குக் கிளார்க்தான்.

---

கருப்புத்திரை எழுதியது:

இதை இங்கே சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

எனக்கு நிஜமாகவே நின்றது. 39 வயதில் மாரடைப்பு. ஷாக் கொடுத்து மீட்டார்கள். ஒன்றுமே இல்லை. தூங்கினால்கூட தூங்கிய உணர்வு இருக்கும், அதுவும் இல்லை. ஆட்டோவில் ஏறினேன், அப்புறம் ஜன்னல் ஓரக் கட்டிலில் இருக்கிறேன். நடுவில் வெட்டி ஒட்டின மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "என்ன பார்த்தே?" ஒன்றுமில்லை என்றால் முகம் வாடுகிறது. அம்மா கேட்டபோது என்னால் முடியவில்லை. "அப்பா நின்னாரும்மா, போ போன்னு கை காட்டினாரு" என்று சொல்லிவிட்டேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்பா என்ன சட்டை போட்டிருந்தார் என்று அத்தை கேட்டார், நீலக்கோடு போட்டது என்றேன். இப்போது ஐந்து வருடம் ஆகிறது. அமாவாசைக்கு அமாவாசை அம்மா அந்தக் கதையைச் சொல்லித்தான் படையல் வைக்கிறார்.

ஹாலந்தில் பிம் வான் லொம்மெல் 2001-ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். இதயம் நின்று மீண்ட 344 பேரில் 62 பேர்தான் ஏதோ கண்டதாகச் சொன்னார்கள். 282 பேர் என்னைப் போல. நம்மைப் பற்றி யாரும் புத்தகம் போட மாட்டார்கள்.

---

சாட்சி எழுதியது:

சகோதரரே, நீங்கள் உணர்ந்த "போதும்" என்பதற்கு ஒரு பெயர் உண்டு. சமாதானம். அதைத் தருகிறவருக்கும் பெயர் உண்டு. கண்டும் காணாததுபோல இருந்துவிடாதீர்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

கிணற்றுமேடு எழுதியது:

நன்றி சகோதரரே. ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்திருந்தால் முதல் பதிவிலேயே எழுதியிருப்பேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூசுகிறது, அவ்வளவுதான். என் மாமியாரிடமும் இதையேதான் சொன்னேன்.

---

நெறியாளர் எழுதியது:

முற்பிறவி மையத்தின் தொலைபேசி எண்ணைப் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவது போட்டால் கணக்கு முடக்கப்படும். மற்றவர்கள் தொடரலாம்.

---

பண்ணைக்கடல் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். உங்கட கதையை வாசிச்ச உடனே கார்ல் யுங் நினைவுக்கு வந்தார். அவர் சுவிஸ் உளவியலாளர், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மகன். 1944 தொடக்கத்தில் கால் முறிந்து, அதோடு மாரடைப்பும் வந்து சாகக் கிடந்தார். அப்போது அவர் கண்டதை நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

விண்வெளியில் மிக உயரத்தில் நிற்கிறார். கீழே நீல ஒளியில் பூமி. காலுக்கு நேர் கீழே இருந்தது எது தெரியுமா? இலங்கை! அதற்கு அப்பால் இந்தியா. ஒரு வீடளவு பெரிய கருங்கல் வானில் மிதந்து வருகிறது, உள்ளே குடைந்து கோயிலாக்கியிருக்கிறது. வங்காள விரிகுடாக் கரையில் அப்படிப்பட்ட கற்களைப் பார்த்ததாக அவரே எழுதுகிறார், எனக்கு மாமல்லபுரம்தான் கண்ணில் வந்தது. வாசலில் ஒரு இந்து தாமரை ஆசனத்தில் பேசாமல் இருந்து இவரை எதிர்பார்க்கிறார். கதவைச் சுற்றி மாடங்களில் எண்ணெய் விளக்குகள், கண்டி தலதா மாளிகையில் பார்த்த மாதிரி.

உள்ளே போகப் போகும்போது அவருடைய வைத்தியரின் உருவம் பூமியிலிருந்து எழும்பி வந்து, நீ திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. யுங்குக்குப் பெரிய ஏமாற்றம், வைத்தியர் மேல் கோபம். அதைவிட, அந்த வைத்தியர் தனக்குப் பதிலாகச் சாகப் போகிறார் என்ற பயம். 1944 ஏப்ரல் 4 அன்று யுங்கை முதல்முறையாகக் கட்டிலில் எழும்பி இருக்கவிட்டார்கள். அன்றைக்குப் படுத்த வைத்தியர் பிறகு எழும்பவில்லை. இரத்தத்தில் கிருமி.

போதகர் மகனுக்குச் சிலுவை வரவில்லை, எங்கட விளக்கு மாடம் வந்தது. ஐயப்ப பக்தருக்கு ஐயப்பன் வரவில்லை. யாருக்கு எது வரும் என்று யார் சொல்லுறது?

---

ஆதாரம்எங்கே எழுதியது:

பண்ணைக்கடல், அழகான கதை. ஆனால் யுங் 1937 கடைசியிலும் 1938 தொடக்கத்திலும் இந்தியாவையும் இலங்கையையும் சுற்றிவிட்டுப் போனவர். விளக்கு மாடமும் குடைந்த கல்லும் அவர் பெட்டியில் ஏற்கனவே இருந்த சாமான்கள்தானே? வைத்தியர் விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் அதை யுங் வாயால் மட்டுமே கேட்கிறோம். அப்பத்தா கதையில் கீழத்தெருக்காரர் சாகும் இடமும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கதைகளுக்கு இரண்டாவது சாவு ஒன்று தேவைப்படுகிறது போலிருக்கிறது.

என் தரப்புக்கு ஒரு ஆள் தருகிறேன். ஏ. ஜே. அயர், பிரிட்டனின் பெரிய நாத்திகத் தத்துவவாதி. 1988-ல் 77 வயதில் ஆஸ்பத்திரியில் புகையூட்டிய சால்மன் மீன் தொண்டையில் சிக்கி நான்கு நிமிடம் இதயம் நின்றது. கண்ணைக் கூசவைக்கும் சிவப்பு வெளிச்சம், அதுதான் பிரபஞ்சத்தை ஆள்கிறது என்று தோன்றியதாம். மரணமே முடிவு என்ற என் நம்பிக்கை லேசாகத் தளர்ந்தது என்று பத்திரிகையில் எழுதினார். ஒரே ரகளை. அப்புறம், நம்பிக்கை தளரவில்லை, அதைப் பற்றிய பிடிவாதம்தான் தளர்ந்தது என்று திருத்தி எழுதினார். அடுத்த வருடம் இறந்தார், நாத்திகராகவே. "செத்த பிறகு" அவர் எவ்வளவோ நல்லவராகிவிட்டார் என்று மனைவி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

அந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கும். என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதினார், அதற்கு மேல் ஒரு அடி போகவில்லை.

---

தென்வீதி எழுதியது:

மதுரைக்காரன். யாராவது ரமணரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை.

1896 ஜூலை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடி. வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன். காய்ச்சல் இல்லை, நோய் இல்லை. திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் பிடித்தது. டாக்டரைக் கூப்பிடாமல், கை காலை நீட்டி விறைத்துப் படுத்து, உதட்டை இறுக்கி மூச்சை அடக்கிச் செத்துப் பார்த்தான். இந்த உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிட்டால் நான் செத்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டான். ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பி செப்டம்பர் 1 திருவண்ணாமலை. அப்புறம் 1950 வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

இதை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சம்பவத்துக்கு முன்னால் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எப்போதாவது போகிறவர். அதற்குப் பிறகுதான் ஏறக்குறைய தினமும் போய், அறுபத்துமூவர் முன்னால் நின்று அழுதிருக்கிறார். என்ன வேண்டி அழுதார் என்றால், பெரும்பாலும் ஒன்றும் வேண்டவில்லை. கிணற்றுமேடு அண்ணன் எழுதிய "கேட்பதற்கு எதுவும் வரமாட்டேன் என்கிறது" என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தப் பிரகாரம்தான் ஞாபகம் வந்தது.

அமெரிக்காவில் கென்னத் ரிங் என்ற ஆய்வாளர் எழுதியதில், இந்த அனுபவம் வந்தவர்கள் பலர் ஆன்மீகம் கூடி, சர்ச்சோடு ஒட்டுதல் குறைந்துபோகிறார்கள் என்று வரும். அதைப் படித்துவிட்டு, கோயிலை விட்டால்தான் அனுபவம் அசல் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது இன்னொரு மதம். விடுவதற்கும் கட்டாயம் இல்லை அண்ணே.

---

வெந்நீர் எழுதியது:

எல்லாருக்கும் "போதும்" வராது.

இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. காது அடைத்தது, டாக்டரின் குரல் தூரமானது. அப்புறம் ஒரு வெறுமை. இருட்டு என்று சொல்ல மாட்டேன், இருட்டு என்றால் ஒரு இடம் இருக்க வேண்டுமே. யாரும் பேசவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது: உன் பெரிய பெண், உன் புருஷன், உன் ஊர் எதுவும் இருந்ததே இல்லை, நீயாக நினைத்துக்கொண்டாய். அது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நினைவு வந்து பாப்பாவை மார்பில் வைத்தபோது, இதுவும் நான் நினைத்துக்கொள்வதுதானா என்றுதான் முதலில் தோன்றியது. கையை எடுத்து அவள் முதுகில் வைக்க எனக்குப் பயம்.

பதினொரு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை அக்காவிடம் பாதி சொன்னேன். "நல்லவங்களுக்கு நல்லதுதான் தெரியுமாம்" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

---

இரவுப்பணி எழுதியது:

வெந்நீர், உங்கள் அக்கா சொன்னது தப்பு. புரூஸ் கிரேசனும் நான்சி புஷ்ஷும் 1992-ல் இப்படிப்பட்ட பயங்கர அனுபவங்கள் ஐம்பதைத் தொகுத்து எழுதினார்கள். அதில் ஒரு வகையே நீங்கள் சொல்லும் வெறுமைதான், "எதுவும் இருந்ததில்லை" என்பது வரை. அந்த நான்சி புஷ்ஷுக்கே அது பிரசவத்தில்தான் வந்தது. நல்லவள் கெட்டவள் கணக்கு இதில் இல்லை.

பாப்பாவுக்கு இப்போது பதினொன்று ஆகியிருக்குமே. முதுகில் கை வைக்கிறீர்களா?

---

வெந்நீர் எழுதியது:

வைக்கிறேன் அக்கா. தினமும் தலை பின்னும்போது. அவள்தான் "போதும்மா" என்று ஓடுகிறாள்.

---

தைப்பூசத்தான் எழுதியது:

மதத்துக்கு வெளியே என்று பேசுகிறீர்கள், வள்ளலாரைச் சொல்லாமலா? சாதி, சமயம், மதம் எல்லாம் பொய் என்று பாடியவர். 1872-ல் வடலூரில் சத்திய ஞான சபை கட்டி ஏழு திரைக்கு அப்பால் ஜோதி வைத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1867-ல், தருமசாலை அடுப்பை மூட்டிவிட்டார். அது இன்றுவரை அணையவில்லை. ஜோதியைப் பார்க்கப் பூசத்தன்று கூட்டம் நெரிகிறது, நானும் நெரிந்திருக்கிறேன். சாதாரண நாளில் போய் அந்த அடுப்பங்கரைப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். யார், எந்த ஊர், என்ன சாமி என்று கேட்காமல் இலை போடுவார்கள்.

---

பதினெட்டாம்படி எழுதியது:

இவ்வளவு பேசிய பிறகும் சாமி மாலை போட்டாரா இல்லையா என்று தெரியவில்லையே?

---

கருப்புத்திரை எழுதியது:

நான் முதலில் முடிக்கிறேன். இந்த அமாவாசைக்கு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். அமெரிக்காவில் ஒரு சிறுவன் விபத்தில் கோமாவுக்குப் போய் சொர்க்கம் பார்த்ததாக 2010-ல் புத்தகமே வந்து, 2015-ல் அவனே "கவனம் கிடைக்கும் என்று சொன்னேன்" என்று எழுதி, பதிப்பகம் திரும்பப் பெற்றது. அந்தப் பையனால் முடிந்தது என்னால் முடியாதா என்று நினைத்தேன்.

அம்மா வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அன்னிக்கு அப்பா வரலை" என்றேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை. "தெரியும்டா. நீலக்கோடு சட்டை உங்கப்பாகிட்ட ஏது?" என்றார். பிறகு உளுந்தில் தண்ணீர் தெளித்தார். அன்றைக்குப் படையலில் அதே கதையை அத்தையிடம் மறுபடி சொன்னார், ஒரு வரி குறையாமல்.

---

ஆதாரம்எங்கே எழுதியது:

கருப்புத்திரை, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். இந்த இழையிலேயே அவர்தான் பெரிய ஆராய்ச்சியாளர்.

---

கிணற்றுமேடு எழுதியது:

தை பிறந்துவிட்டது, பாக்கி வைத்த பதிலை எழுதிவிடுகிறேன்.

மாலை போடவில்லை. குருசாமி வீட்டுக்குப் போய் நேரிலேயே சொன்னேன். வண்டியில் தார்ப்பாய் அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயது மனிதர், முழுதாகக் கேட்டார். அறிவுரை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "வழக்கமா வர்ற டிரைவருக்கு இந்த வருசம் முடியலயாம். நீ வண்டி ஓட்டுறியா?" என்றார்.

ஓட்டினேன். வேனில் பதினாறு பேர், நான் மட்டும் வெள்ளை வேட்டி. வழி நெடுக அவர்கள் சரணம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, வாய் பாதி இடங்களில் பழக்கத்தில் தானாக அசைந்தது. எரிமேலியில் டீ வாங்கிக் கொடுத்தேன். நிலக்கல்லில் வண்டியைப் போட்டதும் அவர்கள் பம்பைக்கு பஸ் ஏறினார்கள். இருமுடிகளை ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்றிவிட்டேன். பதினேழு வருடத்தில் யார் தலைக்கும் நான் ஏற்றிவிட்டதில்லை, எனக்குத்தான் யாராவது ஏற்றிவிடுவார்கள். அதன் கனம் இவ்வளவு என்று கைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவு வேனில் தனியாகப் படுத்திருந்தேன். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் வண்டிகள், ஜெனரேட்டர் இரைச்சல், எங்கோ ஒலிபெருக்கியில் தொலைந்துபோன ஒரு சாமியின் பெயரைத் தெலுங்கிலும் தமிழிலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "போதும்" வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. கொசுதான் வந்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் மாலை அவர்கள் திரும்பி வந்து ஜன்னலைத் தட்டி எழுப்பினார்கள். குருசாமி கேட்ட முதல் கேள்வி, "டீசல் போட்டுட்டியா?"

வடலூர் போகவில்லை, போக வேண்டும். அட்ரினலின் ஊசியும் சிரிஞ்சும் ஒரு டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போகிறேன், எப்படிப் போடுவது என்று வீட்டில் அவளும் கற்றுக்கொண்டிருக்கிறாள். கூட்டைத் தீயணைப்புக்காரர்கள் வந்து எரித்துவிட்டார்கள். மாமியார் கிடாயைப் பங்குனிக்குத் தள்ளிவைத்திருக்கிறார், கைவிடவில்லை.

கன்றைப் பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கு: கிணற்று மேட்டிலேயேதான் நிற்கிறது. போன வாரம் ஆடு ஒரு ஓலையைக் கடித்துவிட்டது.